முப்பதில் ஓட்டியவர்

பழைய டிரைவர் அண்ணன் ஓட்டியவரை, எங்கள் பனியன் கம்பெனி வேனின் வேகமுள் ஊருக்குள் முப்பதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பொங்கலூர்ப் பக்கத்துத் தையல்காரர்களைத் திருப்பூருக்கு ஏற்றி வரும் வண்டி அது. லைன் சூப்பர்வைசர் என்பதால் முன்சீட்டு எனக்கு. பின்னால் லாரிகள் ஹாரனை அலறவிடும்; டிரைவர் அண்ணன் அசைய மாட்டார். ஒருநாள் அவரிடம் எரிந்து விழுந்தேன். "மிதிச்சா பத்து நிமிசம் முன்னால போலாமுங்க அம்மிணி. ஆராச்சும் குறுக்க வந்தா வண்டி நிக்கோணுமில்லீங்களா?" என்றார்.

ஷிப்மெண்ட் நெருக்கடியில் மூன்று நாள் தொடர்ந்து தாமதம். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். டிரைவர்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

புது டிரைவர் வேகமாக ஓட்டினார். மணியடிக்கும் முன்பே லைனில் இருந்தோம். எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. ஒரு மழைக்காலக் காலையில், பேக்கரி முனையில், தைத்த துணியில் குறை பார்க்கும் எங்கள் செக்கிங் அக்கா சாலையைக் கடந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வேனைப் பார்த்ததும் திகைத்து நடுச்சாலையில் நின்றுவிட்டாள். பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. அவள் முகத்தைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உயிர் பிழைத்தாள். வலது கால் பழையபடி ஆகவில்லை.

பழைய டிரைவர் அண்ணனின் வீட்டுக்குப் போய், புகார் எழுதியது நான்தான் என்று சொன்னேன். "தெரியுமுங்க" என்றார். பிறகு, "அந்தப் புது டிரைவர் ராத்திரில தூங்கறானுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரை நான் விசாரித்ததே இல்லை.

அந்த முனையில் முப்பது என்று போர்டு வைத்தார்கள். போலீஸ் நின்ற சில மாதங்கள் வண்டிகள் அடங்கிப் போயின. அந்நாட்களில் அங்கே யாரும் அடிபட்டதாக நான் கேள்விப்படவில்லை. போலீஸ் போனது, வேகம் திரும்பி வந்தது. போர்டு மட்டும் நிற்கிறது.

அக்கா இப்போது உட்கார்ந்தபடி செக்கிங் பார்க்கிறாள். மாதம் ஒருமுறை என் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். போன வாரம் கம்பெனிக்குத் திரும்பும்போது அந்தப் பேக்கரியைத் தாண்டினோம். பின்னால் ஒரே ஹாரன். அவள் என் தோளைத் தட்டினாள்.

"ஒரு மணிக்குள்ள போகலைன்னா கேட்டைப் பூட்டிருவாவ. வெரசாப் போ, தாயி."

நான் வேகத்தைக் கூட்டவில்லை. முள் முப்பதிலேயே நின்றது.