வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்

சாறு விற்கிறவள் வாயைத் திறந்தால் அது வைத்தியமாகிவிடும். அதனால் இதை எழுதும்போதும் எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் பாக்கியம், எட்டாம் வகுப்போடு நின்றவள். அருப்புக்கோட்டையில், காலையில் ஆட்கள் நடக்க வரும் மைதானத்து வாசலில் தள்ளுவண்டி போட்டு அருகம்புல், வாழைத்தண்டு, வெண்பூசணி, பாகற்காய், சுரைக்காய் என்று சாறு விற்றேன். எது நல்லது, எது கெட்டது என்று என்னைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். உடம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று பட்டினி கிடந்தவர்களும், அவர்களுக்காகச் சோறு வடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களும் படித்தால், பாதி தங்கள் வீட்டுக் கதை என்பார்கள்.

இடம் காலி

ஜவுளிக்கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடக்க வருவார்கள். நடை முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் வெண்பூசணிச் சாறு. டீடாக்ஸ் என்று அவர்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உடம்பில் சேர்ந்த கழிவையெல்லாம் சாறு அடித்துக்கொண்டு போய்விடுமாம். குடித்த கையோடு எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போய் உளுந்த வடையும் டீயும் சாப்பிடுவார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இப்பத்தான சுத்தம் பண்ணீக, அதுக்குள்ள எண்ணெயா?" என்று கேட்டுவிட்டேன். அவர்களில் பெரியவர் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "கழிவு போயிருச்சுல்லம்மா, இடம் காலியாத்தான கெடக்கு!"

அண்ணாச்சி வந்தார்

இவர்களைப் பற்றியெல்லாம் எனக்குக் கவலை கிடையாது. கவலை ரத்தினவேல் அண்ணாச்சி வந்த பிறகுதான் ஆரம்பித்தது. பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். பல வருஷமாகச் சர்க்கரை வியாதி, காலையும் இரவும் மாத்திரை. ஒருநாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் ஒருவர், ஒரு வாரம் சாறு மட்டும் குடித்தால் வியாதி வேரோடு போய்விடும் என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க அண்ணாச்சி" என்றேன். அவர் பாகற்காய்ச் சாற்றை மூச்சு விடாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "டாக்டரக் கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு. எங்கிட்ட வந்து ஆணி வாங்கலாமான்னு கேட்டா நான் வேணாம்னா சொல்லுவேன்? அவரு பொழப்பு அவருக்கு."

மயக்கம்

வாரம் முடியவில்லை. வண்டிக்கு முன்னால் நின்றவருக்குத் திடீரென்று கை நடுங்கியது. வேட்டி, சட்டையெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து என்னமோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கீழே உருண்டது என் டம்ளர் அல்லவா?

நல்லவேளை, நடக்க வந்த ஒரு நர்ஸ் பெண் ஓடி வந்தாள். அண்ணாச்சிக்கு நினைவு இருந்தது. டீக்கடையில் சீனியைக் கரைத்து வாங்கி மெதுவாகக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். சோறு சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை இறங்கித்தான் போகும் என்று அவள் அவருக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னாள். "உள்ள இருக்கிற கழிவ எடுக்க ஈரலும் கிட்னியும் இருக்கு அண்ணாச்சி. அதுக வேலையப் பாத்துக்கிரும். நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரையப் போடுங்க" என்றாள்.

அண்ணாச்சி தலையைத் தலையை ஆட்டினார். மறுநாள் வழக்கம்போல வந்து நின்றார். முகத்தில் ஒரு சந்தோஷம். "கண்டுபிடிச்சிட்டேன் பாக்கியம். மயக்கம் போட வச்சது அந்த மாத்திரைதான். தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

கசந்த சுரைக்காய்

அந்தக் கோடையில் மழையே இல்லை. எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து வந்த சுரைக்காய்கள் தண்ணீர் காணாமல் காய்த்தவை. நான் எந்தக் காயையும் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்காமல் அரைக்க மாட்டேன்; பயந்த சுபாவம். அன்றைக்கு ஒரு காய் அப்படிக் கசந்தது. காறித் துப்பிவிட்டு, சாக்கடைப் பக்கம் வீசினேன். கசந்த சுரைக்காய்ச் சாறு ரத்தம் ரத்தமாக வாந்தி எடுக்க வைக்கும், ஆளையே கொண்டுபோனாலும் போகும் என்று அந்த நர்ஸ் பெண் பிறகு சொன்னாள்.

சாற்றுக்காகக் காத்திருந்த பாத்திரக்கடை மாரீஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று சாறு மட்டும் குடித்துக்கொண்டிருந்தவள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், பேச்சில் எரிச்சல். போன முறையும் இப்படித்தான் பட்டினி கிடந்து இளைத்தாள். சாப்பிட ஆரம்பித்ததும் இளைத்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. "கசப்புதானம்மா மருந்து! அதப் போயி வீசுறீகளே, இனிக்கிறத எங்க தலையில கட்டவா?" என்றாள்.

வெறுங்கால்

மாத்திரையை விட்ட அண்ணாச்சி ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. அடிக்கடி தண்ணீர் கேட்பார், அடிக்கடி ஒதுங்கப் போவார். "கழிவு வெளியேறுது" என்பார். அடுத்து அந்த வீடியோக்காரர் செருப்பில்லாமல் நடக்கச் சொல்லியிருக்கிறார் போல. மைதானத்தில் கூழாங்கல் பதித்து எட்டு வடிவத்தில் நடக்க ஒரு பாதை உண்டு. அதில் வெறுங்காலோடு சுற்றி வந்தார். எங்கள் ஊரில் சீமைக்கருவேல முள் இல்லாத இடம் எது?

ஒருநாள் அவர் நடந்து வந்த சிமெண்டுத் தரையில் ரத்தத் தடம் இருந்தது. குனிந்து பார்த்தால், குதிங்காலுக்கு முன்னால் ஒரு முள் முழுசாக ஏறியிருக்கிறது. நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன். "வலிக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டால் அவர் என்னைப் பெருமையாகப் பார்க்கிறார். "பாத்தியா தங்கச்சி, ஒடம்பு எப்படி உறுதியாயிருச்சுன்னு! முள்ளு குத்துனதே தெரியல."

மதுரை ஆஸ்பத்திரி

முள் குத்திய இடம் ஆறவில்லை. மஞ்சள் வைத்தார்கள், வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். பாதம் கறுத்து, வாடை வந்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. காரியாபட்டி தாண்டும் வரை, என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே அமுங்கிக் கிடந்தது. அவர் வீட்டுக்காரி கோமதியக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வாங்கிப்போன பிஸ்கட்டைப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"நீ ஒண்ணும் ஊட்டி விடல, எனக்குத் தெரியும். ஆனா தெனமும் விடியக்காலையில அவுக எந்திரிச்சுப் போக ஒரு எடம் இருந்துச்சு பாரு, அது ஒன் வண்டிதான்."

கற்றாழை

வீட்டுக்கு வந்த பிறகு ஒருமுறை போனேன். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது மாத்திரை இல்லை, ஊசி. கோமதியக்காவே போட்டுவிடுகிறாள், போட்டதும் பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லியைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். கடையை மச்சினர் பார்த்துக்கொள்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அக்கா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அவர் என் பக்கம் சாய்ந்தார். போன் மடியில்தான் இருந்தது. "பாக்கியம், அவளுக்குத் தெரிய வேணாம். கத்தாழைச் சாறு புண்ண உள்ளருந்தே ஆத்துமாம்ல? நாளைக்கு ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுத்துவிடேன்."

பந்தல்குடி ரோடு

மறுநாள் நான் மைதானத்துக்குப் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. மிக்சியை விற்றேன். வண்டியைத் தூத்துக்குடி போகும் ரோட்டில், பந்தல்குடி தாண்டி, வேப்பமரம் ஒன்றின் அடியில் நிறுத்தினேன். கம்மங்கூழ், மோர், கடிக்க மிளகாய் வத்தல், வெங்காயம். வருகிறவர்கள் லாரிக்காரர்கள். பசிக்குக் குடிப்பார்கள், தாகத்துக்குக் குடிப்பார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். என்ன தீரும் என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஒரு மத்தியானம், உப்பு லோடு ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் கண்ணெல்லாம் சிவந்து இறங்கினார். ஒரு சொம்பு மோரைக் குடித்தார், இன்னொரு சொம்பு கேட்டார், குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏக்கா, இதக் குடிச்சா சேலம் போற வரைக்கும் தூக்கம் வராதுல்ல?"

அவரை மரத்தடியில் படுக்கச் சொன்னேன், மறுநாளே அங்கே ஒரு கயிற்றுக் கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டேன். மோர் குடித்தவர்கள் படுத்துத் தூங்கிவிட்டுப் போகட்டும், அவர்கள் தூக்கம் தெளிந்து நல்லபடியாக எழுந்திருக்கிற வரைக்கும்தானே எனக்குப் பயம்.