அக்காவின் ஸ்கேனும் ஒரு ஃபிளாஸ்க் மைலோவும்

ரோஜாப்பூ போட்ட அந்தச் சிவப்பு ஃபிளாஸ்க் இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரிய மாமாவின் மேல் கோபம் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் ஆறவில்லை.

எண்பதுகளில் சிங்கப்பூரில், தோ பாயோவில் இருந்தோம். அக்காவுக்கு வலிப்பு. கீழே விழமாட்டாள், தேவாலயத்தில் பூசை நடுவே கண் நிலைகுத்த, சப்புக்கொட்டியபடி, வலக்கையால் பாவாடையைப் பிசைந்துகொண்டிருப்பாள். இதனாலேயே இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சு முறிந்தது. மருந்துகள் கேட்கவில்லை. லண்டனில் நடந்த ஒரு புது ஆராய்ச்சிக்கு டாக்டர் அவள் பெயரை அனுப்பினார். லேசாகக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தி மூளையைப் படமெடுப்பார்கள். எந்த இடம் சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறதோ, பெரும்பாலும் அங்கிருந்துதான் வலிப்பு கிளம்புமாம். இடம் தெரிந்தால் வெட்டி எடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை மாமாதான் படிப்பார். ஆபீஸ் கிளார்க் அல்லவா. முழுதாகப் படித்துவிட்டு, எங்களுக்குப் போதும் என்று அவர் நினைப்பதை மட்டும் சொல்வார். லண்டன் கடிதத்தில் தேதியையும், குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்பதையும் மட்டும் சொன்னார்.

வெறும் வயிற்றோடு இருந்தால் வலிப்பு வரும் என்பது அம்மாவின் உறுதி. அக்காவோடு லண்டனுக்கு நான்தான் போனேன். ஸ்கேன் அன்று காலை, அம்மா சொல்லி அனுப்பியபடி, அந்த ஃபிளாஸ்க்கில் மைலோ சாக்லேட் தூளைக் கலந்து, இனிப்புக் கெட்டிப்பாலைத் தாராளமாக ஊற்றி, அக்காவுக்கு இரண்டு கப் கொடுத்தேன். சாப்பிட்டாளா என்று நர்ஸ் கேட்டபோது இல்லை என்றேன். மைலோவை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்?

ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்ததால் படம் மங்கலாகிவிட்டது. எந்த இடமும் தெரியவில்லை. மறுபடி அழைக்கிறோம் என்றவர்கள் அழைக்கவேயில்லை.

ஊர் திரும்பியதும் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்ற வரியின் கீழே பென்சில் கோடு. மாமா போட்டது.

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா உங்கம்மா அனுப்பியிருப்பாளா? ஒரு கப் மைலோதானே லா."

அம்மா அனுப்பியிருக்க மாட்டாள், உண்மைதான். ஆனால் கூடப்போன என்னிடம் சொல்லியிருக்கலாமே. விமான நிலையத்தில் காதோடு ஒரு வார்த்தை போதாதா? எங்களுக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார். அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

போன மாதம் இங்கேயே அக்காவுக்கு அதே ஸ்கேன் எடுத்தார்கள். "ஆண்ட்டி, தண்ணி மட்டும்தான். மைலோ, டீ எதுவும் வேணாம்," என்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் முன்கூட்டியே தமிழில் சொன்னாள். அவ்வளவுதான் விஷயம். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் மட்டும் கொண்டுபோனேன். படத்தில் வலப்பக்கம் அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. கல்யாணம் ஆகாமலே அறுபதைத் தாண்டிவிட்ட அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சின்னதா?" என்று கேட்டாள்.