செங்கடல் வழியே போகட்டும்

திருப்பூரில் கடல் இல்லை. ஆனாலும் மண்ணரையில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் காலையில் முதல் பேச்சே கடலைப் பற்றித்தான். எந்தக் கப்பல், எந்த வழி, எத்தனை நாள். ஏற்றுமதிக் காகிதங்களைக் கவனிப்பவள் நான். தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல், சூயஸ் வழியாக ஐரோப்பா போகும். செங்கடலின் தெற்கு வாய் குறுகலானது. ஒரு கரை ஏமன், எதிர்க்கரை ஆப்பிரிக்கா. ஏமன் கரையிலிருந்து கிளர்ச்சிக்காரர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிப் போயின. பதினைந்து நாள் கூடுதல். சீசன் தவறினால், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் சரக்கை எடுக்க மாட்டார். அதனால், குறுகிய வழியில் போகும் கப்பலாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கப்பல் ஏஜெண்டுக்குத் தினமும் மெயில் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் மகள் அப்படியொரு கப்பலில் டெக் கேடட், அதாவது பயிற்சியில் இருக்கும் அதிகாரி.

கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தவள் நான். கணவாயை வைத்திருப்பவன் இருபுறத்து நாடுகளையும் பிடித்து வைத்திருக்கிறான் என்று, பாலக்காட்டுக் கணவாயை உதாரணம் காட்டிப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த மலை இடைவெளி வழியாகத்தான் உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளுக்குக் காற்று வருகிறது. படைகளும் அதே வழியாகத்தான் வந்தன. செங்கடலின் வாயும் அப்படியொரு கணவாய்தான். எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. அந்த வாக்கியத்துக்குள் ஆட்கள் போய் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு மதியம் மகள் கொழும்பிலிருந்து கூப்பிட்டாள்.

"செங்கடல் வழியாத்தான் போறாங்களாம். வேண்டாங்கறவங்க எழுதிக் குடுத்துட்டு இங்கயே எறங்கிக்கலாமாம். என்னங்ம்மா பண்ணட்டும்?"

அதே நேரத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் இன்னொரு போனை நீட்டிக்கொண்டு நின்றான். "அக்கா, பையருங்க. எந்த ரூட்டுனு கேக்கறாருங்க."

மகளிடம் சொன்னேன்: "ஆப்பிரிக்காவச் சுத்துனா பதினஞ்சு நாள் சேந்துக்கும் கண்ணு. செங்கடல் வழியே போகட்டும். ஒண்ணும் ஆவாது."

"செரிங்ம்மா" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அவள் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. தன்னைப் பற்றிக் கேட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை; கப்பல் கிளம்பிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, கணினி வரைபடத்தில் அவள் கப்பலின் புள்ளி ஏமனுக்குத் தெற்கே நின்றுபோனது. இருக்குமிடம் தாக்குகிறவர்களுக்குத் தெரியாமலிருக்க, அங்கே இடம் காட்டும் கருவியை அணைத்துவிடுவார்கள். வேலையில் இப்படி நின்ற புள்ளிகளை எத்தனையோ பார்த்து, "ரெண்டு நாள்ல வந்துருமுங்க" என்று முதலாளிக்குச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் செய்தி வந்தது. அந்தப் பக்கம் ஒரு கப்பல் எரிகிறது. பெயர் சொல்லவில்லை.

முதலாளி என் மேசைக்கு வந்தார். தோட்டத்தை விற்றுக் கம்பெனி வைத்தவர்.

"எவனோ மலை மேல ஒக்காந்து கல்லெறிஞ்சா நம்ம மண்டைல உளுகுது. ஏனுங்க, நம்ம சரக்கு அதுல இருக்குதுங்களா?"

"இந்த வாரம் நம்ம சரக்கு அந்தப் பக்கமே இல்லீங்க. எம் புள்ள இருக்கறாளான்னு தெரியலீங்க."

அவர் என் தலைக்கு மேலிருந்த ஃபேனின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள். எரிந்தது அவர்களுக்கு முன்னால் போன கப்பல்.

"கரை தெரிஞ்சுதுங்ம்மா. அவ்வளவு பக்கம். அங்கயும் ஊடுக இருக்குது. யாரோ துணி காயப்போட்டிருந்தாங்க, பைனாகுலர்ல பாத்தேன்."

விடுமுறைக்கு வந்தபோது கேட்டேன்: "நான் சொன்னதுக்காகவா கண்ணு எறங்காம இருந்த?"

"உங்ககிட்டக் கேட்ட நேரம் அப்படிங்ம்மா. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க" என்று சிரித்தாள். அதற்கு மேல் அதைப் பேச விடவில்லை.

திரும்பக் கிளம்பும்போது இந்தத் தடவை எந்த வழி என்று கேட்டேன்.

"ஏறுனாத்தான் தெரியும். உங்கள மாதிரி யாராச்சும் அவசரம்னு மெயில் போட்டா செங்கடல்தான்." கிண்டலாகத்தான் சொன்னாள்.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் குழந்தைகளின் கோடைக்காலச் சரக்கு தயாராக இருந்தது. ஏற்கெனவே தாமதம். ஜன்னலுக்கு வெளியே தையல் பெண்கள் டீக்கு நின்றுகொண்டிருந்தார்கள். சரக்குத் திரும்பினால் அடுத்த மாதம் அவர்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. 'சுற்றிப் போனாலும் பரவாயில்லை' என்று தட்டினேன். அழித்தேன். குறுகிய வழியில் போகும் கப்பல் வேண்டும், அவசரம் என்று எழுதி அனுப்பினேன்.

மகளிடம் சொல்லவில்லை.