கணையத்துக்கு எண்ணெய் போட்டவர்

பேசத் தெரிந்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பேச்சால் கெட்டது என் அக்கா வீட்டுக்காரரின் கால்.

தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலையில் இருந்தேன். படிப்பு எட்டோடு சரி. மற்றதெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அங்கே ஒரு பெண் எலியின் கணையத்தை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கணையச் செல்லைப் போர்த்தியிருக்கும் தோல் கொழுப்பால் ஆனது என்றாள். இன்சுலின் உள்ளே குட்டிக் குட்டிப் பைகளில் காத்திருக்குமாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பை அந்தத் தோலோடு ஒட்டிக் கலந்து வாய் திறக்குமாம். தோலில் எந்தக் கொழுப்பு எவ்வளவு என்கிற சேர்மானம் பிசகினால் பை வந்து நிற்கும், திறக்காது. "ஆனா இதெல்லாம் எலி செல்லுல பாத்ததுண்ணா. இத வச்சு மனுசனுக்கு வைத்தியம்னு இன்னும் ஒண்ணும் வரல" என்றும் சொன்னாள்.

அக்கா வீடு உத்திரமேரூர் பக்கம். மாமா ஊர் ஊராகப் போய் அடிபம்பு ரிப்பேர் செய்பவர். காலில் ஆறாத புண். சர்க்கரை இறங்காவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் இன்சுலின் ஊசி எழுதியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா நேரத்தில் இந்தச் செல் கதையை அவிழ்த்துவிட்டேன். அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சேர்த்தால் கதை சப்பென்று போய்விடுமே.

மாமா இட்லியைப் பிட்ட கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம பம்பு கதைதான் மச்சான். உள்ள தோல் வாஷர் காஞ்சி பூட்ச்சின்னா தண்ணி ஏறாது. எண்ணையில ஊறப்போட்டு மாட்னா கொட்டும். அத்த வுட்டுட்டு, ஊசின்னு வெளியேர்ந்து குடம் குடமா ஊத்திக்கினு கீறாங்க!"

"உன் ஒடம்பு இன்னா பஞ்சாயத்து பம்பா?" என்றாள் அக்கா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சொன்னதை அந்த வாரம் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

மாமாவோ மறுநாளே ஊசியை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொள்வதாக அக்காவிடம் பொய். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். எனக்குச் சேதி வந்தபோது விரல்கள் கறுத்துவிட்டிருந்தன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டு வாசலிலேயே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி போட வந்த நர்ஸம்மாவ தொரத்திட்டாருடா. இருக்கிற காலும் பூடும். நீ சொன்னாதான் கேப்பாரு."

உள்ளே மாமா பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் மச்சான் காலேஜில கீறான், அவனுக்குத் தெரியும். எண்ண பத்தல. ரெண்டு கரண்டியா குடிச்சிருக்கணும்."

அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். எலியில் பார்த்தது, மனிதனுக்கு அதில் மருந்தில்லை, எண்ணெய் குடிப்பது பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்தார்.

"அன்னிக்கே தெரியுமா உனுக்கு?"

தலையாட்டினேன்.

"நர்ஸம்மாவ வரச்சொல்லு."

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தார், அந்த ஒரு காலோடு. என்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஆனால் நான் எதைச் சொன்னாலும், மழை வரும்போல இருக்கிறது என்றாலும், பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பி, "நெசந்தானா?" என்று கேட்பார்.