சாக்கடை முகத்துச் சிப்பி

என் மனைவியின் அண்ணன் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டில் எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் செஞ்சிக்கு வந்தால் மட்டும் அவன் பெரிய சமையல்காரன். துரைக்கே யோசனை சொல்கிறவன்.

யுத்த காலம். அனந்தபுரத்திலிருந்து என் மகளுக்குப் பரிசம் போட வருவதாக இருந்தார்கள். அவர்களுக்குத் தோதுப்பட்டது வெள்ளிக்கிழமை. நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், வெள்ளியன்று கறி கிடையாது. விருந்துக்குச் சிப்பி கொண்டுவருவதாக மச்சான் சொல்லியனுப்பினான்.

முதல்நாள் சாயங்காலம் கரிப் புகையில் ஓடும் பஸ்ஸிலிருந்து மச்சானோடு ஈரச் சாக்கில் சிப்பியும் இரண்டு குடம் கடல் தண்ணீரும் இறங்கின. உயிருள்ள சிப்பியைக் கடல் தண்ணீரில் ஒரு ராத்திரி விட்டால், வயிற்று அழுக்கைத் தானே கக்கிவிடுமாம். வெள்ளைக்காரன் வழக்கமாம்.

"எங்கண்ணா பொறுக்கின?" என்று கேட்டாள் என் மனைவி.

"சாக்கடை கடல்ல வுழுற எடம். அங்கதான் கொழுத்துக் கெடக்குது."

"தண்ணி?"

"அதே எடந்தான். வேற எங்க போறது?"

"அய்யே! ஊர் நரகலெல்லாம் அதுலதானே வருது?"

"அடி கூறுகெட்டவளே, கடல் உப்புல எந்தப் பூச்சி பொழைக்கும்? உப்பு போட்ட மீனு கெட்டா போவுது?"

கக்கியதையே திரும்பக் குடிக்கிற சிப்பி எப்படிச் சுத்தமாகும்? அது அவன் புத்திக்கு எட்டவில்லை. மறுநாள் என் மனைவி அந்தச் சிப்பியை அடுப்பில் ஏற்றி நெடுநேரம் கொதிக்கவிட்டாள். "ரப்பராப் பூடும்டீ" என்று கத்திக்கொண்டே அவன் ஒரு பிடியை அடுப்பில் போடவிடாமல் தன் குடத்திலேயே ஒளித்துவைத்துக்கொண்டான்.

பந்தியில் அதைத் திறந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சையாகவே மணப்பையனிடம் நீட்டினான்.

"துரைங்க சாப்புடறது. சும்மா முழுங்கு தம்பி."

விருந்தில் மறுக்கக்கூடாதென்று பையன் கையை நீட்டிவிட்டான். கதவோரம் என் மகள் பரிசச் சேலையோடு நின்றிருந்தாள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். எழுந்துபோய்த் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் தம்பி. இது சாக்கடை." குரல் கீச்சென்று வந்தது.

"மூணாங் கிளாஸ் படிச்சவனுக்கு இன்னா தெரியும்!" என்று மச்சான் சிரித்தான். என்னை மட்டம் தட்டுவதற்காகத் தட்டில் இருந்ததை எல்லாம் அவனே விழுங்கினான். சம்பந்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு, வெந்த சிப்பியில் இன்னொரு கரண்டி கேட்டார். பரிசம் நல்லபடியாக முடிந்தது. வெந்ததைச் சாப்பிட்டவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து, கல்யாணத்தன்று மச்சான் எங்கள் வீட்டில்தான் கிடந்தான். விடாத ஜுரம், வயிறு போய்ப் போய் எலும்பாகியிருந்தான். மகளும் மருமகனும் ஆசீர்வாதத்துக்குக் குனிந்தார்கள். அவன் முனகினான்:

"உங்க செஞ்சித் தண்ணி எனக்கு ஆவல. ஒரு கொடம் கடல் தண்ணி இருந்தா எழுந்து உக்காந்துடுவேன்."