வாசல் வாசலாக ஜெகதாம்பாள்

ஜெகதாம்பாள் ஓர் இடத்தில் அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. கல்பாக்கம் குடியிருப்பில் எங்கள் தெருவுக்கு அவள்தான் மீன்காரி. கூடையை இறக்கும்போதே கண் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். "கொஞ்சம் உக்காரேன், யாராவது துரத்தறாங்களா?" என்று கேட்டால், "நான் உக்காந்துகினு இருந்தா மீனு நாறிப் பூடும்மா" என்பாள்.

2002 ஆடி மாதத்தில் அந்த அவசரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "மீனே" என்று கூவுவாள், நாங்கள் கதவைத் திறப்பதற்குள் நாலு வீடு தாண்டியிருப்பாள். வஞ்சிரம் கேட்டவர் வீட்டில் சங்கராவைக் கொடுத்துவிட்டுப் போவாள். இவளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்தேன். யாரைப் பற்றியும் சட்டென்று ஒரு முடிவு கட்டிவிடும் வழக்கம் எனக்கு உண்டு. அதில் பாதி தப்பாகத்தான் போகும். நடந்ததெல்லாம் பிற்பாடு அவளே சொல்லித் தெரிந்துகொண்டது.

அவள் கணவன் தேசப்பன் கடலுக்குப் போகிறவன். இரண்டு மாதமாக இருமல். வலையை இழுத்தால் மூச்சு வாங்கியது, ஆள் பாதியாகிவிட்டான். அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். அவன் பெயர் எழுதி ஒரு பெட்டி மருந்து ஒதுக்கினார்கள். ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் அதைக் கையில் கொடுக்க மாட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள், பொறுப்பான ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அவர்கள் குப்பத்துப் பால்வாடி டீச்சர் ஜெசிந்தா அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கணவனை இழந்தவர், சதுரங்கப்பட்டினத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்.

"வூட்டுக்கே எட்த்துகினு வரேன்னாங்க. நான்தாம்மா வேணாம்னு கால்ல வுழுந்தேன்" என்றாள் ஜெகதாம்பாள். நோய் வந்த வீட்டு மீனை யார் வாங்குவார்கள் என்ற பயம். ஆகவே திங்கள், புதன், வெள்ளி, காலை எட்டு மணிக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் தேசப்பன் பால்வாடிக்குப் போவது என்று ஏற்பாடு. யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார்.

மருந்து வயிற்றைப் புரட்டியது. சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்துத் தேசப்பன் மிரண்டு, "ரத்தமா பூடுது, போதும் வுட்ருங்க" என்றான். "அது மருந்தோட கலர் அண்ணே" என்று டீச்சர் விளக்கிச் சொல்லி, தன் டிபன் டப்பாவிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து அவனைச் சாப்பிட வைத்தாராம். ஜெகதாம்பாளுக்கோ மனம் எதிலும் ஒட்டவில்லை. எங்கள் தெருவில் நிற்கும்போதும் அவன் இருமுவது அவள் காதுக்குள் கேட்கும். மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகப் போய் அவன் நெஞ்சில் காதை வைப்பாள். ஐந்தாவது வாரம் அவனாகவே இரண்டாம் முறை சோறு கேட்டான். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து போட்டாளாம்.

அதற்குள் குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், ஆளில்லாத நேரத்தில், தனியாக இருக்கும் பெண்ணிடம் ஓர் ஆண்பிள்ளை போய்வந்தால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுச் சந்திரம்மா நேராகவே கேட்டாள்: "உம் புருஷன் டீச்சராண்ட இன்னாடி படிக்கிறாரு?"

ஜெகதாம்பாள் சிரித்து மழுப்பினாள். இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைப் பால்வாடிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. "டீச்சரு ஒரு நாளு மூஞ்சி சுளிக்கல. என்னப் பாத்தா, அண்ணனுக்கு எடை ஏறிக்கீதுன்னு சொல்லிட்டுப் போவாங்க. எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள்.

யாரோ மனு எழுதிப்போட, ஒரு வெள்ளிக்கிழமை காலை அதிகாரி அம்மா ஒருவர் விசாரிக்க வந்துவிட்டார். பால்வாடி வாசலில் கூட்டம். எதிரே பஸ் நிறுத்தத்தில் ஜெகதாம்பாள் கூடையோடு நிற்கிறாள். எல்லாம் காதில் விழுகிறது.

"அந்த ஆள் எதுக்கு இங்க வரார்?"

"மருந்து சாப்பிட வரார் மேடம்."

"என்ன வியாதி?"

"அதை இத்தனை பேர் நடுவுல சொல்லக் கூடாதுங்க. ஆஸ்பத்திரியில கேட்டுக்கோங்க" என்றார் ஜெசிந்தா.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "சொல்லலைன்னா வேலைக்கே ஆபத்தும்மா" என்றார் அதிகாரி. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. ஜெகதாம்பாள் கூடையை ஏற்றி, ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டாள். கண்டக்டர் ஏறு ஏறு என்கிறார். ஏறியிருந்தால் அவள் பிழைப்பு தப்பியிருக்கும்.

கூடையை இறக்கினாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் டீச்சர் பக்கத்தில் நின்றாள். "எம் புருஷனுக்கு டி.பி. கீது. இவங்க மருந்து குட்த்து காப்பாத்திகினு கீறாங்க. நான் சொல்லாதேன்னேன், அதுக்காவ இத்தினி நாளு உங்க வாய்ல வுழுந்து எழுந்துட்டாங்க. பேசணும்னா என்னப் பேசுங்க."

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா சொன்ன? உன் பொழப்பு என்ன ஆவும்?" என்று அழுதாராம்.

அடுத்த பஸ் பிடித்து எங்கள் தெருவுக்கு வந்தாள். முதல் வீடு எங்களுடையது. கூடையைக்கூட இறக்கவில்லை. "யம்மா, எம் புருஷனுக்கு டி.பி. மருந்து சாப்புட்டுகினு கீறாரு, இனிமே ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மீனு வோணுமா வேணாமா, நீயே சொல்லு."

என் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. சாம்பார் வைத்துவிட்டேன் என்றேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாசலிலும் சொன்னாள். தெருக்கோடிவரை அந்தக் குரல் கேட்டது. மறுநாள் சஷ்டி என்றேன். மூன்றாம் நாள் இவருக்கு வயிறு சரியில்லை என்றேன். அன்று சாயங்காலம் என் கணவர், "அணு உலை பக்கத்துல வேலை பாக்கறவனோட குடித்தனம் பண்ற, மீன்காரி புருஷன் இருமலுக்குப் பயப்படறியே" என்று சிரித்தார். நான்காம் நாள் கால் கிலோ சங்கரா வாங்கினேன்.

தை மாதம் மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை. தேசப்பன் மறுபடி கடலுக்குப் போனான். டீச்சருக்குப் புடவை வாங்கிக்கொண்டு போனாளாம். வாங்க மறுத்துவிட்டார். மீனும் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடை இல்லாமல், கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தபடி ஜெகதாம்பாள் எங்கள் வாசலில் நின்றாள்.

"இவங்கதாம்மா எங்க டீச்சரு. எம் புருஷன் நோவ சொன்ன வாசல்ல எல்லாம் இவங்களையும் சொல்லணும்னு இஸ்துகினு வந்தேன். நல்லா பாத்துக்கோ."

நான் கைகூப்பினேன். உள்ளே வரச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெகதாம்பாள் டீச்சர் பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, மனம் நிறைந்து சொன்னாள்:

"இந்த அம்மாவையும் பாத்துக்கோ டீச்சரு. இந்தத் தெருவுலயே மொத மொதல்ல மீனு வாங்குனது இவங்கதான். நாலாம் நாளே வாங்கிட்டாங்க."