பலெர்மோவில் அண்ணரின் பெயர்

ஒக்டோபர் 31, பிற்பகல் 2.10

ரொறன்ரோவிலிருந்து ரோமுக்கு எட்டரை மணித்தியாலம். ரோமிலிருந்து பலெர்மோவுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 35 கிலோமீற்றர், பஸ்ஸுக்கு ஆறரை ஈரோ. ஊர் பார்க்கப் போகிறவர்கள் கோயிலையும் கடலையும் பார்ப்பார்கள். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன் நான். எனக்கு முதலில் தூரம்தான் கண்ணில் படும். இந்த வருத்தத்துக்கு மருந்தில்லை.

இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மொட்டைப் பாறை மலை. சாரதி பாதி நேரம் பின்னால் திரும்பிக் கதைத்துக்கொண்டே ஓட்டினார். எங்கள் டிப்போவில் என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு மன்னார்ப் பெண், மொண்டெல்லோவில் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவர்.

“அண்ணை யாழ்ப்பாணமோ?”

“ஓம், தீவுப்பக்கம்.”

“இஞ்சை ஆரிட்டைப் போறியள்?”

“மச்சாளிட்டை. அண்ணர் இல்லை, செத்துப் போனார்.”

“அச்சோ. என்ன வருத்தம்?”

“நெஞ்சு வருத்தம்.”

அதில் நெஞ்சு மட்டும்தான் உண்மை. அண்ணரை நெஞ்சில் சுட்டார்கள். முப்பத்தெட்டு வருடமாகக் கேட்கிற எல்லோருக்கும் இந்த மறுமொழியைத்தான் சொல்லி வருகிறேன். இப்போது யோசிக்காமலே வாயில் வந்துவிடுகிறது.

மாலை 4.30

அண்ணரின் மகள் ஷீலா மத்திய ரயில் நிலையத்துக்கு வந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை, வயது முப்பத்தெட்டு. அண்ணர் சாகும்போது தாயின் வயிற்றில் ஏழு மாதம். ஐந்து வயதில் தாயோடு இங்கே வந்தவள். அவர்கள் இருக்கும் பிரான்காச்சோவுக்கு நகரப் பஸ் பிடித்தோம். ரிக்கற் ஒரு ஈரோ நாற்பது, காத்திருப்பு நாற்பது நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதைக் கண்டு அவள் சிரித்தாள்.

“சித்தப்பா, இது பலெர்மோ. பஸ் வரேக்கைதான் வரும்.”

வீடு அரசாங்க மாடிக் கட்டடத்தில் ஐந்தாம் தட்டு. லிப்ட் வேலை செய்யவில்லை. மச்சாள், அண்ணரின் மனைவி, கதவடியில் கதிரை போட்டு இருந்தா. முப்பது வருடம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைத்துத் துடைத்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. போன மாசியில் சத்திரசிகிச்சை. அதற்கு முதல் நாள், ஒருவேளை கண் விழிக்காமல் போய்விட்டால் என்று பயந்து, தகப்பன் எப்படிச் செத்தார் என்பதை ஷீலாவிடம் சொல்லிவிட்டா. அதனால்தான் நான் இங்கே வந்திருக்கிறேன். “இந்த முறை கட்டாயம் வாங்கோ சித்தப்பா, அப்பான்ரை பேரை வாசிக்க வைக்கப் போறன்” என்று ஷீலா எடுத்த தொலைபேசிக்குப் பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

நவம்பர் 1, காலை 10 மணி

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் இரண்டு இறந்தோர் நாள். இங்கே தமிழ்ச் சனம் போகும் கத்தோலிக்கக் கோயிலில் அன்று மாலைப் பூசையில் இரண்டு பட்டியல் வாசிப்பார்கள். ஒன்று வருத்தத்தில், முதுமையில் செத்தவர்களுக்கு. மற்றது போரில் கொல்லப்பட்டவர்களுக்கு. அதில் ஒவ்வொரு பெயருக்கும் வீட்டு ஆள் ஒருவர் எழும்பிப் போய்ப் பீடத்தடியில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். மச்சாள் இத்தனை வருடமும் அண்ணரின் பெயரை முதல் பட்டியலுக்கே கொடுத்து வந்தா. இந்த முறை ஷீலா இரண்டாவது பட்டியலுக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். எப்படிச் செத்தார் என்பதையும் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறாள்.

வுச்சீரியாச் சந்தை வழியாக நடந்தோம். சந்தை முன்னைப்போல் இல்லை, பாதிக் கடைகள் சாராயக்கடைகளாகிவிட்டன என்று ஷீலா குறைப்பட்டாள். ஒரு பலகாரக் கடை யன்னலில் சீனியால் வார்த்து வர்ணம் பூசிய பொம்மைகள்: குதிரைவீரன், ஆட்டக்காரி, மணமக்கள். இந்த ஊரில், இறந்தோர் நாளுக்கு முதல் இரவு செத்தவர்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்களாம். பேயென்று ஒருவரும் பயப்படுவதில்லை. விடிய எழும்பிக் கட்டிலுக்குக் கீழே தேடுவார்களாம்.

“எனக்கு வருசா வருசம் குதிரைவீரன்தான்,” என்றாள் ஷீலா. “அப்பா தந்தது எண்டு அம்மா சொல்லுவா. பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் nonno, nonna, அதுதான் செத்துப்போன தாத்தா பாட்டி, தருவினம். எனக்கு அப்பா. நான் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனான்.”

விலையைப் பார்ப்பதுபோல் யன்னலுக்குக் குனிந்தேன். பன்னிரண்டு ஈரோ.

அண்ணர் றேடியோ திருத்துபவர். ஆமி ஊருக்குள் வந்து வீடுகளைக் கொளுத்தி, பெடியளைப் பிடித்துக்கொண்டு போன காலம். தமிழன் என்பதே குற்றமாக இருந்த காலம். இயக்கத்துக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. எந்த இயக்கம் என்று எழுத மாட்டேன். அதை வைத்து இன்னொரு சண்டை தொடங்குவார்கள். ஒரு நாள் ஆமி ட்ரக் கடைவாசலில் நின்றது. சிப்பாய் ஒருவன் றேடியோவை மேசையில் வைத்தான். துவக்கோடு நிற்பவனிடம் ஏலாது என்று யார் சொல்வது? அண்ணர் திருத்திக் கொடுத்தார். இரண்டு கிழமை கழித்து, ஆமிக்கு உதவினார் என்று இயக்கத்தார் அவரைச் சந்தியில் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் ‘துரோகி’ என்று மட்டை. பொழுதுபடும்வரை யாரும் தொடக்கூடாது என்று கட்டளை.

எங்கள் படலையிலிருந்து அந்தச் சந்தி நானூறு மீற்றர். எனக்கு இருபத்திரண்டு வயது. படலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். பயந்தேன். வேறு காரணம் சொல்ல எனக்கு வெட்கம். ஏழு மாத வயிற்றோடு மச்சாள் தனியாக நடந்து போய், பின்னேரம்வரை அவரின் காலடியில் இருந்தா.

மாலை 6 மணி

பட்டியல் எழுதும் அருளப்பு அண்ணை ஐந்து தட்டு ஏறி வந்தார். எழுபது வயது, ஒரு கட்டடத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் போரில் ஷெல் விழுந்து ஒரே மகளைப் பறிகொடுத்தவர். ஷீலா எழுதிய துண்டை மேசையில் வைத்தார். மச்சாள் தேத்தண்ணி கொடுத்தா.

“பிள்ளை, கோவிக்காதை. இதை நான் எப்பிடி வாசிக்கிறது? சனம் கேக்கும்.”

“உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமே?” என்றேன் நான். என்னை அவர் பார்க்கவில்லை.

“ஊரை விடுங்கோ. என்ரை பிள்ளையின்ரை பேரும் அதிலை இருக்கு. ஆமி கொன்ற பிள்ளை. அதுக்குப் பக்கத்திலை இதை வைக்க என்ரை மனம் கேக்குதில்லை.”

அவர் மனம் நொந்துதான் சொன்னார். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஷீலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மச்சாள் கையால் தடுத்துவிட்டுத் தானே கேட்டா.

“உங்கடை நிர்மலாவுக்கு அப்ப எத்தினை வயசு அண்ணை?”

“பதினொண்டு.”

“இவருக்கு இருபத்தெட்டு. ரெண்டு பேரின்ரை கையிலையும் துவக்கு இருக்கேல்லை.”

அருளப்பு அண்ணை துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார். தேத்தண்ணியில் பாதி மிச்சம். வாசிப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 2

காலையில் கண் விழித்தபோது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, சிவப்பு நாடா கட்டியது. உள்ளே சீனிக் குதிரைவீரன். அறுபது வயதுக் கிழவனுக்குப் பொம்மை. குசினிக்குள் ஷீலா ஒன்றும் தெரியாதவள்போல் கோப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா உங்களோடை கோவமில்லை, சித்தப்பா.”

குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாலை ஆறு மணிப் பூசைக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. முன்னாலிருந்து நாலாவது வாங்கில் உட்கார்ந்தோம். சைவச் சனமும் வந்திருந்தது. செத்தவர்களுக்கு ஏது சமயம்? முதல் பட்டியல் முடிந்தது. அருளப்பு அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவதைத் தொடங்கினார். பெயர், வயது, ஊர். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். தன் மகளின் பெயரை எப்போதும் கடைசியாகத்தான் வாசிப்பாராம். அந்தப் பெயரும் வந்தது. “அருளப்பு நிர்மலா, பதினொரு வயது.” தானே இறங்கிப் போய்க் கொளுத்தினார். முடிந்தது என்று நினைத்தேன். ஷீலா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் குத்தியது.

அவர் திரும்பி ஒலிவாங்கிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்தார்.

“மரியநாயகம் யோசப், இருபத்தெட்டு வயது. றேடியோ திருத்துபவர்.”

தன் மகளுக்கு அடுத்ததாக வாசித்தார். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள், துண்டில் இருந்த கதை அதற்குள் பரவியிருந்தது. இரண்டு பேர் எழும்பி வெளியே போனார்கள். மற்றச் சனம் இருந்தது. நான் மச்சாளைப் பார்த்தேன்.

“அண்டைக்கு நான் நடந்தனான் தம்பி,” என்றா மெதுவாக. “இண்டைக்கு நீர் போம்.”

வாங்கிலிருந்து பீடத்தடிக்கு இருபத்துமூன்று அடி. எண்ணிக்கொண்டுதான் போனேன். முதல் நெருப்புக்குச்சி அணைந்துவிட்டது. அருளப்பு அண்ணை தன் மகளின் திரியை எடுத்து நீட்டினார். அதிலிருந்து கொளுத்தினேன்.

நவம்பர் 3, காலை 7.40

திரும்பும் பாதை, அதே 35 கிலோமீற்றர். கடல் இப்போது வலப்பக்கம். ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த சனம் ஆயிரம் பேர். ஒருவருக்கும் அண்ணரின் கதை தெரியாது. இங்கே ஒரு கோயில் சனத்துக்கு அது தெரிந்துவிட்டது, கூரை இடிந்து விழவில்லை.

விமான நிலையச் சோதனையில் சீருடை போட்ட பெண் ஒருத்தி பெட்டியைத் திறக்கச் சொன்னாள். நாடாவை அவிழ்த்தாள். குதிரைவீரனைக் கண்டதும் முகம் மாறியது. யார் தந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த ஊர்க்காரிக்கு, அந்தப் பொம்மையை யார் தருவார்கள் என்று தெரியும்.

“என் அண்ணர்,” என்றேன். “சுட்டுக் கொன்றார்கள். எங்கள் ஆட்களே சுட்டார்கள். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை.”

முன்பின் தெரியாத ஒருத்தியிடம், அவள் கேட்காததையும், வரிசையை மறித்துக்கொண்டு நின்று சொன்னேன். பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து செருமினார்கள். அவள் அவசரப்படவில்லை. நாடாவைத் திரும்பவும் கட்டினாள், முன்னைவிட இறுக்கமாக, இரண்டு முடிச்சு. பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து என் கையில் தந்தாள்.

“தூரப் பயணம்,” என்றாள். “உடையாமல் கொண்டுபோங்கள்.”